தவக்குலா, மனத்தளர்ச்சியா?

“அல்லாஹ் போதுமானவன். இனி எனக்கு இந்த மாத்திரை வேண்டாம்” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? சொல்லைப் பார்த்தால் ஈமான் நிறைந்த சொல். மறுத்துப் பேச நாக்கு கூசுகிறது. பேசாமல் இருந்தாலோ ஓர் உயிர் ஆபத்தில் கிடக்கிறது. இந்தக் கேள்வியைத்தான் இம்மாதம் நாம் எடுத்துக் கொள்கிறோம்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது சூளகிரி. கொத்தமல்லியும் புதினாவும் விளைகிற மண். வீட்டுக்குள் உருது, கடைத்தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கும் கன்னடமும் என்று நான்கு மொழி புழங்குகிற ஊர். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மனைவி மௌத்தாகி ஓராண்டு ஆகிறது. மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறான். பெரியவருக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறிப் போயிருக்கிறது. பெங்களூருக்கு அழைத்துப் போய்க் காட்டினார்கள். இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க ஒரு மாத்திரையை எழுதித் தந்து, நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். பிறகு ஒருநாள் மகன், “அப்பா, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டபோது மேலே சொன்ன பதில் வந்தது.

இப்படி ஒரு பெரியவர் நம் முஹல்லாக்களில் எங்கும் இருக்கக் கூடியவரே. எனவே அவரை நம் வீட்டவராகவே எண்ணிக் கொண்டு பேசுவோம்.

முதலில் நோய் என்ன என்பதைச் சுருக்கமாகத் தெரிந்து கொள்வது நல்லது. இருதயத்திற்கு மேலறை இரண்டு, கீழறை இரண்டு. இந்நோயில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக் கொண்டே இருக்கின்றன. ஓடாத குட்டையில் பாசி பிடிப்பது போல, இடது மேலறையின் ஒரு மூலையில் தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி ஒருநாள் நகர்ந்து மூளைக்குப் போகும் குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்த ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு என்று மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்த அபாயம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது. சிறு வயதில் வாதக்காய்ச்சல் கண்டு வால்வு சுருங்கியவர்களுக்கும் இத்துடிப்பு வருவதுண்டு. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

இனி இந்த மாத்திரையின் விசித்திரத்தைப் பாருங்கள். தலைவலி மாத்திரை சாப்பிட்டால் தலைவலி போகிறது. சாப்பிட்டவனுக்கு அதன் பலன் தெரிகிறது. இந்த மாத்திரையின் பலனோ கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதே அதன் பலன்! நடக்காமல் போன பக்கவாதத்தை யார் பார்த்தார்கள்? ஆனால் அதன் தொல்லைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. பல் துலக்கினால் ஈறில் இரத்தம் கசிகிறது. கை எங்காவது இடித்துக் கொண்டால் நீலம் பாய்கிறது. வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற பழைய மாத்திரைகளானால் அடிக்கடி இரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்னும் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரை வகைகளை ஒருநாள் நிறையவும் மறுநாள் அடியோடு இல்லாமலும் சாப்பிட்டால் அளவு ஏறி இறங்கும். கொத்தமல்லி விளையும் ஊரில் இருந்து கொண்டு, அதையும் அளவோடு, தினமும் ஒரே சீராகச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

போதாதற்கு, “அது எலி மருந்தாமே!” என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துவார்கள். இதில் பாதி உண்மை உண்டு. கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மடிந்ததை ஆராயப் போய்க் கண்டெடுத்த சரக்கு அது. வார்ஃபரின் 1948-ல் எலிக்கொல்லியாகவே விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டது. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே அது கொடுக்கப்பட்டது. அளவு மிஞ்சினால் நஞ்சு, அளவோடு இருந்தால் மருந்து. உப்புக்கும் இதே சட்டம்தான்.

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். மருந்தை விடுவது தவக்குலா?

நேர்மையாகப் பேச வேண்டுமானால் பெரியவரின் பக்கமும் நியாயம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். நம் முன்னோரான ஃபிக்ஹு மேதைகளில் பலர், நோயாளி மருந்து சாப்பிடுவது கட்டாயக் கடமை என்று சொல்லவில்லை. பசியால் சாகப் போகிறவன் உணவு இருந்தும் உண்ணாமல் இறந்தால் பாவி. ஆனால் நோயாளி மருந்துண்ணாமல் இறந்தால் பாவி அல்லன் என்று ஃபதாவா ஆலம்கீரி போன்ற நூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் காரணங்களை மூன்று தரமாகப் பிரித்து, உறுதியான பலன் தருவதை விடுவது தவக்குல் ஆகாது என்றும், பலன் தரக்கூடும் என்ற அளவில் உள்ள மருந்தைக் கையாள்வது தவக்குலுக்கு முரண் ஆகாது என்றும் விளக்கினார்கள்.

ஆனால் இந்தத் தீர்ப்பின் அடிப்படை என்ன என்று கவனிக்க வேண்டும். சோறு பசியைத் தீர்க்கும் என்பது உறுதி. மருந்து நோயைத் தீர்க்கும் என்பது அன்று உறுதியில்லை. இதுதானே வேறுபாடு? மருத்துவம் முன்னேறி, ஒரு மருந்தின் பலனும் அதை விடுவதால் வரும் கேடும் தெளிவாகத் தெரிய வந்தால் தீர்ப்பும் அதற்கேற்ப நகர வேண்டுமல்லவா? அப்படியே நகர்ந்தது. 1992-ஆம் ஆண்டு மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, சிகிச்சையை விடுவதால் உயிரோ உறுப்போ போய்விடும் அல்லது உடல் முடமாகிவிடும் என்ற நிலையில் சிகிச்சை வாஜிபாகிவிடும் என்று தீர்மானித்தது. பக்கவாதம் என்பது முடமாக்கும் நோயன்றி வேறென்ன?

அதற்காக இன்ன மனிதருக்கு இன்ன மாத்திரை வாஜிப் என்று நாம் ஃபத்வா கொடுக்கப் புகவில்லை. அது ஆலிம்களின் வேலை. இரத்தப்போக்கின் அபாயம் மிகுந்த சிலருக்கு மருத்துவரே யோசித்து இம்மாத்திரையை நிறுத்துவதும் உண்டு. நாம் சொல்வது இவ்வளவே: மாத்திரையை விடுவது சாப்பிடுவதைவிட உயர்ந்த பக்தி என்று யாரும் எண்ண இடமில்லை. ஷாம் நாட்டில் ஹிஜ்ரி 17, 18-ஆம் ஆண்டுகளில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னும் இடம் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டவர் அபூ உபைதா (ரலி) அவர்களைப் போன்ற உத்தமர். ஓடிப் போகிற இடமும் அல்லாஹ்வின் கத்ருக்குள்ளேதான் இருக்கிறது என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் பதில் அளித்தார்கள். நோயும் அவனுடைய கத்ர் என்றால் மாத்திரையும் அவனுடைய கத்ர்தான்.

வாதம் இத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணி, இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் போய் ஒப்பித்தால் என்ன நடக்கும்? தலையை ஆட்டுவார். மறுநாளும் மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். ஏன்? அவர் நிறுத்தியது மஸ்அலா தெரியாததனால் அன்று.

அவரைச் சற்று உற்றுப் பாருங்கள். இரவில் தூக்கமில்லை. ஃபஜ்ருக்கு முன்னமே விழித்துச் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். சாப்பாட்டில் ருசியில்லை. பேரன் மடியில் ஏறினால் மெல்ல இறக்கி விடுகிறார். முன்பு அஸருக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவார்; இப்போது ஸலாம் கொடுத்ததும் செருப்பை மாட்டுகிறார். கேட்டால், “தில் நை லக்ரா” என்பார். அல்லது, “மனசு எதிலயும் ஒட்டலை” என்பார். மனநோய் என்ற பெயர் அவர் வாயில் வராது. நம் வாயிலும் வராது. ஆனால் அதுதான் மனத்தளர்ச்சி என்னும் நோய்.

தவக்குல் உடையவரை நாம் கண்டதில்லையா? அவர் அல்லாஹ்வை நம்பி விதைக்கிறார், நம்பிக் கடை திறக்கிறார், நம்பித் தூங்குகிறார். அவர் முகத்தில் ஓர் அமைதி இருக்கும். நாளையைப் பற்றிப் பேசுவார். எல்லாக் காரியங்களிலும் கைசோர்ந்து போய், மாத்திரை டப்பாவைக் கண்ட போது மட்டும் தோன்றுகிற ஒன்றுக்குத் தவக்குல் என்று பெயரிடலாமா? தவக்குல் மனிதனைச் சுமை இறக்கி நடக்கச் செய்யும். மனத்தளர்ச்சி அவனை நடையிலேயே உட்கார வைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே வசனத்தைச் சொல்ல நாக்குக்கு முடியும்; உள்ளம் வேறு.

அவர் நம்மை ஏமாற்றவில்லை என்பதையும் உணர வேண்டும். தளர்ந்த மனத்துக்குத் தன் தளர்ச்சியைச் சொல்ல வார்த்தை கிடைப்பதில்லை. பிள்ளைகளைக் கவலைப்படுத்தாத, மார்க்கத்துக்கும் பொருந்துகிற ஒரு வார்த்தையைக் கடன் வாங்கிக் கொள்கிறது. கேட்பவர்களும் ஆறுதல் அடைந்து, “எவ்வளவு ஈமான்!” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கேதான் நாம் தவறு செய்கிறோம்.

மனமும் உடலும் ஒன்றையொன்று இழுத்துச் செல்பவை என்பது நமக்குப் புதிய செய்தியன்று. கி.பி. 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே கிளம்பும் துக்கம் ஒன்று என்று பிரித்து, பின்னதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றார். வஸ்வாஸையும் அவர் தனியே ஆராய்ந்தார். இக்காலத்து ஆராய்ச்சியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பல நோய்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, மனத்தளர்ச்சி உள்ள நோயாளிகள் மருத்துவர் சொன்னதைக் கடைப்பிடிக்காமல் விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 மடங்கு. ஆக, மாத்திரையை விடுவது பல சமயம் பிடிவாதம் அன்று. இன்னொரு நோயின் அடையாளம். அந்த நோயைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் வற்புறுத்துவது, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு வேரைக் காயவிடுவது போலாகும்.

இன்னொரு வாசலும் உண்டு. அதை நம் பத்திரிகை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும். ஈறில் இரத்தம் கசிகிறது என்றோம். ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர், “ஒளு நின்றதா, முறிந்ததா?” என்று துப்பித் துப்பிப் பார்க்கிறார். ஒருமுறை ஒளு செய்தவர் நான்கு முறை செய்கிறார். ஜமாஅத் தவறுகிறது. கடைசியில், “இந்த மாத்திரையால்தானே என் தொழுகை கெடுகிறது?” என்ற எண்ணம் வந்து மாத்திரையை எறிந்துவிடுகிறார். இது வஸ்வாஸ். இதற்குச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் எச்சிலில் இரத்தம் மிகுந்தோ சமமாகவோ இருந்து நிறம் சிவந்தால்தான் ஒளு முறியும். எச்சில் மிகுந்து மஞ்சளாக இருந்தால் முறியாது. தோலில் துளிர்த்து வழியாமல் நிற்கும் இரத்தத்தாலும் முறியாது. நீலம் பாய்ந்த இடத்துக்கும் ஒளுவுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தொழுகை நேரம் முழுவதும் ஒளுச் செய்து ஃபர்ளைத் தொழக்கூட இடைவெளி விடாமல் இரத்தம் வந்து கொண்டிருந்தால் அவர் மஃதூர். ஒரு வக்துக்கு ஓர் ஒளு போதும். ஷாஃபிஈ மத்ஹபிலோ முன், பின் துவாரங்கள் அல்லாத இடத்திலிருந்து வரும் இரத்தத்தால் ஒளுவே முறிவதில்லை. உறுதியாக இருந்த ஒளு வெறும் சந்தேகத்தால் போய்விடாது என்பது இவ்விரு மத்ஹபுகளுக்கும் பொதுவான விதி. இதை ஓர் ஆலிம் அன்போடு உட்கார்ந்து சொன்னால் ஒரு நோயாளி மாத்திரைக்குத் திரும்புவார். இவ்வளவு சொல்லியும் சந்தேகம் விடவில்லையென்றால் அது மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்.

நோன்பு விஷயமும் இப்படியே. நோயாளிக்கு அல்லாஹுதஆலா சலுகை தந்திருக்கிறான். நோன்பு வைக்க இயலும் என்று மருத்துவர் சொன்னால் ஒருவேளை மாத்திரையை இரவுக்கு மாற்றிக் கொள்ளலாம். சில மாத்திரைகள் உணவோடு சாப்பிட வேண்டியவை. சில இருவேளை மாத்திரைகள். இவற்றையெல்லாம் ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு ஒழுங்கு செய்து கொள்வதே முறை. ரமளான் தலைப்பிறை கண்ட இரவில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. புதிய வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே பாதுகாப்பு போய்விடும். அவ்வாறே மருத்துவரைக் கேளாமல் ஹிஜாமா குத்திக் கொள்வதும், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமாக வலிமாத்திரை வாங்கி விழுங்குவதும் இவர்களுக்கு ஆபத்து. மனத்தளர்ச்சிக்குத் தரும் மாத்திரைகளிலும் சில இரத்தக் கசிவைச் சற்று அதிகமாக்கும். அதற்காக இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை. இரண்டு மருத்துவருக்கும் இரண்டு சீட்டையும் காட்ட வேண்டும்.

சரி, இது யாருடைய கடமை? பெரியவருடையது மட்டுமா? உடல் அல்லாஹ்வின் அமானத் என்று நாம் மிம்பரில் கேட்கிறோம். அமானத்தைச் சுமக்கிறவன் தள்ளாடும்போது பார்த்துக் கொண்டிருப்பவர்கள் மேல் பொறுப்பு இல்லையா? புத்தி இழந்தவன் மேல் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மனம் தளர்ந்தவர் புத்தி இழந்தவர் அல்லர். ஆனால் பலம் குறைந்தவர். பலம் குறைந்தவரைப் பாவி என்று பயமுறுத்தினால் அவர் இன்னும் தாழ்ந்து போவார். அவர் பங்கில் குறைகிற பலத்தை நாம் நிரப்ப வேண்டும்.

இந்தப் பொறுப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதை நம் தமிழகமே கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். துஆவை நாடி வந்தவர்களுக்குத் தவா கிடைக்கவில்லை. அவர்களைக் காக்க வேண்டியவர்கள் கட்டி வைத்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. குஜராத்தில் உனாவா தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும் துஆவோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. துஆவும் தவாவும் எதிரிகள் அல்ல என்று புரிய நமக்கு 28 உயிர்கள் வேண்டியிருந்தது!

சூளகிரிப் பெரியவருக்கு நாம் செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மகனே, “மாத்திரை போட்டீங்களா?” என்று வாசலில் நின்று கேட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடாதே. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார். அம்மாவைப் பற்றி அவர் பேசட்டும், அழட்டும். மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு ஒரே நேரத்தில் உன் கையால் கொடு. ஒருவேளை தவறினால் மறுவேளை இரட்டிப்பாகக் கொடுக்காதே. பள்ளித் தோழர்களே, திண்ணையில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே, அவர் எங்கே என்று தேடிப் போங்கள். இமாம் அவர்களே, “ஸபூர் செய்யுங்கள்” என்பதோடு நிறுத்தாமல், “டாக்டரைப் பார்த்தீர்களா?” என்றும் கேளுங்கள். ஸபூர் என்பது மருந்தைச் சகித்துக் கொண்டு தினமும் விழுங்குவதும்தான். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை கேட்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசுச் சேவை அது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதே இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். நோயாளியைத் தேடிப் போவதை ஓர் அரசு தன் கடமையாகக் கொள்ளும்போது, அடுத்த வீட்டை நலம் விசாரிக்கப் போவதை ஸுன்னத்தாகப் பெற்ற நாம் பின்தங்கலாமா?

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. பெரியவரே! மாத்திரையின் பலன் தெரியவில்லை என்கிறீர்கள். கண்ணால் காணாத பலனுக்காக நீங்கள் எத்தனை ஆண்டு தொழுதீர்கள்! எத்தனை நோன்பு நோற்றீர்கள்! கைபை நம்புவது உங்களுக்குப் புதிதன்று. நடக்காமல் போன ஆபத்துக்கும் ஷுக்ரு செய்யப் பழகிய வாய் உங்களுடையது. ஒவ்வோர் இரவும் பிஸ்மில்லாஹ் சொல்லி அந்தச் சிறு மாத்திரையை விழுங்குங்கள். பிறகு, அல்லாஹ் போதுமானவன் என்று சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல் தளர்ச்சியின் சொல்லாக இராது. தவக்குலின் சொல்லாகவே இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு உடலிலும் உள்ளத்திலும் ஷிஃபாவைத் தருவானாக! தளர்ந்தவர்களின் பேச்சுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கும் செவியை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.